எல்லோருக்கும் ஒரே கோட்டு

பரண் மேல் ஏறியது பழைய இட்லிக் குண்டானைத் தேடி. கையில் அகப்பட்டது ஒரு பிஸ்கட் டின். மூடி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கரண்டிக் காம்பை விட்டு நெம்பினேன். உள்ளே பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், பாதிக்கு மேல் கறுப்பு வெள்ளை. சில படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிரித்தால் ஒருவர் மூக்கு இன்னொருவர் முதுகோடு போய்விடும் நிலையில் இருந்தன.

மருமகள் அவற்றைத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஏன் அத்தே, இவங்கல்லாம் ஒரே ஸ்கூலா? யூனிபார்ம் போட்ட மாதிரி இருக்காங்களே” என்றாள்.

யூனிபார்ம் இல்லை, கோட்டு. மண்ணடியில் எங்கள் ஆபீசுக்கு எதிர்ச் சாரியில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. அங்கே ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டும், முடிச்சுப் போட்டபடியே ஒரு சிவப்பு டையும் தொங்கும். கீழக்கரையிலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் முதுகுளத்தூரிலிருந்தும் ராத்திரி பஸ் பிடித்து வந்தவர்கள், குழாயடியில் முகம் கழுவி, ஸ்டூடியோக்காரர் கொடுக்கும் பவுடரைப் பூசிக்கொண்டு, கைலிக்கு மேலேயே அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்காருவார்கள். படம் மார்போடு நின்றுவிடும், கைலி தெரியாது. ஒல்லியானவருக்குக் கோட்டின் முதுகுப் பக்கம் துணி உலர்த்தும் கிளிப் போட்டு இறுக்குவார் ஸ்டூடியோக்காரர். பருமனானவருக்குப் பொத்தான் போடாமல் சமாளிப்பார். பினாங்கும் சிங்கப்பூரும் துபாயும் போன எத்தனையோ பேர் அந்த ஒரே கோட்டில்தான் போனார்கள்.

எடுத்த படங்களில் விண்ணப்பத்துக்கு ஒட்டியது போக மிச்சம் எங்கள் மேஜை டிராயரில் சேரும். கேட்டு வாங்கிப் போகிறவர்கள் குறைவு. தூக்கிப் போட மனசு வராது. முகம் இல்லையா, எப்படிக் குப்பையில் போடுவது? ஆபீசை மூடினபோது டிராயரைக் காலி செய்து நான் எடுத்து வந்த டின் அது.

ராயபுரத்திலிருந்து நடந்தே வேலைக்குப் போவேன். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணிய கையோடு கிடைத்த வேலை. மாடிக்கு மரப்படி, மேலே ஒரே அறை, ஒரு ரெமிங்டன், ஒரு கோந்து பாட்டில், சுவரில் கஅபாவின் படம் போட்ட காலண்டர். முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னை ‘டைப்பிஸ்டம்மா’ என்பார், வயதில் நான் அவருடைய கடைசி மகளை விடச் சின்னவள் என்றாலும். ஏஜென்சி என்று போர்டு இருந்தாலும், அங்கே நடந்த வேலை ஒன்றுதான்: ஒருவருடைய வாழ்க்கையைக் கேட்டு, அதைக் கட்டம் போட்ட தாளுக்குள் அடக்குவது.

பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, உயரம் எல்லாம் எழுதியபின் ‘அடையாளக் குறி’ என்று ஒரு இடம் வரும். இப்போதைய பாஸ்போர்ட்டில் அது இல்லை. அப்போது கட்டாயம் ஏதாவது எழுத வேண்டும். மச்சமே இல்லாத மனிதர்கள் உண்டென்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அப்படிப்பட்டவரை ஹாஜியார் தடுப்புக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சட்டையைக் கழற்றச் சொல்வார். கொஞ்ச நேரத்தில் குரல் வரும்: “டைப்பிஸ்டம்மா, இடது முழங்கையில ஒரு தழும்பு. பனைமரம் ஏறி விழுந்தது. பனைமரம் வேணாம், தழும்பு மட்டும் போடுங்க.” எதுவும் கிடைக்காவிட்டால் இருக்கவே இருக்கிறது, மேற்கையில் அம்மை குத்திய வடு.

அந்த வடுவைப் பற்றிப் பேச்சு வந்தால் ஹாஜியார் மத்தியானச் சாப்பாட்டை மறந்துவிடுவார். “எங்க காலத்துல விசாவாவது ஒண்ணாவது. கைய மடிச்சுக் காட்டு, அம்மை குத்தியிருக்கா, அதான் விசா.” சின்னப் பையனாக மாமாவோடு ரஜூலா கப்பலில் போனவர் அவர். 1926-ல் கட்டிய கப்பல் அது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் இடையே போய் வந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தள்ளி நடுக்கடலில் நிற்கும். படகில் போய் ஏற வேண்டும். அலையில் படகு எழும்புகிற சமயம் பார்த்து ஏணியைப் பிடிக்க வேண்டும். டெக்கில் பாய் விரித்து இடம் பிடிப்பதுதான் டிக்கெட்.

அம்மை குத்திய சான்றிதழ் மூன்று வருஷம் செல்லும், காலரா ஊசிச் சான்றிதழ் ஆறு மாதம்தான். இரண்டும் ஒரு மஞ்சள் புத்தகத்தில் இருக்கும். ஆனால் புத்தகம் இருந்தால் போதாது. வழியில் கப்பலில் ஒருவருக்கு அம்மை கண்டுவிட்டால், பினாங்கு என்றால் ஜெரெஜாக் தீவு, சிங்கப்பூர் என்றால் செயின்ட் ஜான்ஸ் தீவு என்று இறக்கி, தனியாக வைத்துவிடுவார்கள். ஹாஜியாரின் மாமா ஒரு தடவை அப்படித் தீவில் கிடந்திருக்கிறார். எதிரே பினாங்கு, ராத்திரியில் கடை வெளிச்சம் கூடத் தெரியுமாம். “மாமாவுக்கு நோய்ப் பயமே இல்ல. கடைச் சாவி அவர் இடுப்புல இருந்துச்சு, அந்தக் கவலைதான்.”

பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்ததாக 1980-ல் அறிவித்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஊசிச் சான்றிதழ் கேட்பவர் இல்லை. ஆனால் மஞ்சள் புத்தகம் சாகவில்லை. ஆப்பிரிக்காவில் சில நாடுகளுக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டு அதே மாதிரி ஒரு புத்தகத்தோடுதான் விமானம் ஏறுகிறார்கள்.

1953-ல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் குடியேற்றச் சட்டத்தை இறுக்கினார்கள். அதற்குப் பிறகு வெறும் கைத் தழும்பைக் காட்டிப் போக முடியவில்லை. மாமாவிடம் சிவப்பு ஐ.சி. இருந்தது. குடியுரிமை இல்லாமல் நிரந்தரமாகத் தங்கியிருப்பவர்களுக்கு அங்கே கொடுக்கிற சிவப்பு அடையாள அட்டை அது. ஊருக்கு வந்தால், மறுபடி உள்ளே வருவதற்கென்று எழுதி வாங்கிய அனுமதி தேதிக்குள் திரும்பிவிட வேண்டும். மாமா மகள் கல்யாணத்துக்கு வந்தார். மாப்பிள்ளை வீட்டில் ஒரு மௌத்து, நிக்காஹ் தள்ளிப் போயிற்று. அனுமதி முடிந்துவிட்டது. பினாங்கில் வியர்வை சிந்திப் போட்ட மளிகைக் கடையைக் கூட்டாளிக்குக் கடிதத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு ஊரில் உட்கார்ந்துவிட்டார். கடைசிவரை இடுப்பில் அந்தச் சாவியைத் தொங்கவிட்டிருந்தாராம். இந்தக் கதையை ஹாஜியார் யாருக்குச் சொல்வார் என்றால், ‘ரெண்டு நாள் முன்னப் பின்ன ஆனா என்ன பாய்?’ என்று கேட்கிற பிரயாணிக்கு.

நான் சேர்ந்த புதிதில் எம்.வி. சிதம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. துறைமுகம் பக்கம்தான், அது புறப்படும் நாளில் மண்ணடித் தெருவெல்லாம் தகரப் பெட்டியும் பாய்ச் சுருட்டும் நிற்கும். 1985-ல் அந்தக் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்தது, பலர் மாண்டார்கள். அதோடு கப்பல் பிரயாணம் முடிந்தது. எல்லோரும் மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குத் திரும்பினார்கள்.

விமானத்தோடு குருவிகள் பெருகினார்கள். இங்கிருந்து சேலையும் கைலியும் கொண்டு போவார்கள், அங்கிருந்து வாட்சும் டேப் ரிக்கார்டரும் செண்டும் கொண்டு வருவார்கள். இறங்கிய நாலாம் நாள் மறுபடி பறப்பார்கள். இவர்களுடைய பாஸ்போர்ட்டில் பக்கம் தீர்ந்து, இன்னொரு புத்தகத்தைச் சேர்த்துத் தைத்து, அது ஒரு சின்னக் குர்ஆன் கனத்துக்கு வந்துவிடும். பர்மா பஜாரில் விற்றதெல்லாம் இவர்கள் தோளில் வந்தது. 1991-க்குப் பிறகு கடையிலேயே எல்லாம் கிடைக்கத் தொடங்கியதும் பழைய குருவிகளில் பலர் ஊரோடு தங்கிவிட்டார்கள்.

போய் இறங்குகிற நாட்டு அதிகாரி ‘செலவுக்குப் பணம் இருக்கா’ என்று கேட்டால் எடுத்துக் காட்ட வேண்டும். அதற்குப் பெயர் ஷோ மணி. ரிசர்வ் வங்கியின் ‘பி’ படிவம் இல்லாமல் டிக்கெட்டே வாங்க முடியாது, கையில் எட்டு டாலருக்கு மேல் கூடாது என்றிருந்த அறுபதுகளின் கெடுபிடியைச் சொல்லிச் சிரிப்பார் ஹாஜியார். எங்கள் காலத்தில் அவரிடம் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு டாலர் கட்டு இருந்தது. எப்படி வந்தது என்று நான் கேட்டதில்லை. முதல் தடவை போகிறவர் கையில் அதைக் கொடுத்தனுப்புவார். அங்கே விமான நிலைய வாசலில் நிற்கும் ஆள் சலாம் சொல்லி வாங்கிக்கொள்வான். அடுத்து சென்னைக்கு வருகிறவரிடம் அது திரும்பி வரும். அந்தக் கட்டு பார்த்த ஆகாயத்தை எந்தக் குருவியும் பார்த்திருக்க மாட்டான்.

சிங்கப்பூரின் கெடுபிடி தனி ரகம். எழுபதுகளில் ஆண்கள் முடி வளர்த்திருந்தால் அரசு அலுவலகங்களில் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று படம் வரைந்தே மாட்டியிருந்தார்கள். எல்லையில் திருப்பியும் அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் ஹாஜியாரின் தங்கை மகன் காது மறைய முடி விட்டுக்கொண்டு டிக்கெட் வாங்க வந்திருக்கிறான். டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவனைத் தெருமுனைச் சலூனுக்கு அழைத்துப் போய், வெட்டி முடித்தபிறகுதான் கொடுத்தாராம். நான் பார்த்த காலத்தில் அந்தக் கெடுபிடி போய்விட்டது. ஆனால் ஹாஜியார் பழக்கத்தை விடவில்லை. சிங்கப்பூர்ப் பிரயாணி என்றால் முதலில் பிடரியைப் பார்ப்பார், பிறகுதான் பாஸ்போர்ட்டை.

பாஸ்போர்ட் என்பது 1967 வரை சர்க்கார் மனசு வைத்தால் கொடுக்கிற காகிதம். அந்த வருஷம்தான், வெளிநாடு போவதும் தனிமனித சுதந்திரத்தில் சேர்ந்தது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, உடனே பாஸ்போர்ட் சட்டமும் வந்தது. அதற்குப் பிறகும் எங்கெல்லாம் செல்லும் என்று உள்ளே எழுதித்தான் கொடுப்பார்கள். தென்னாப்பிரிக்கா நீங்கலாக என்ற முத்திரையை நான் எத்தனையோ புத்தகங்களில் பார்த்திருக்கிறேன். மண்ணடியில் அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. எங்கள் ஆட்களைப் படுத்தியது வேறொரு முத்திரை.

1983-ல் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. படிப்பு இல்லாதவர்களை ஏஜெண்டுகள் ஏமாற்றி வளைகுடாவில் கொண்டுபோய் விடுகிறார்கள், அவர்களைக் காக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். படித்தவர் பாஸ்போர்ட்டுக்குச் சோதனை தேவையில்லை, அது ஈசிஎன்ஆர். படிக்காதவர் பாஸ்போர்ட் ஈசிஆர். ஈசிஆர்காரர் வேலைக்குப் போவதென்றால், குடிபெயர்கிறவர்களைக் காக்கவென்று வைத்த புரொடெக்டர் ஆபீசில் அனுமதி வாங்க வேண்டும். வேலைக்கே போகாமல், மகளைப் பார்க்கப் போகிற கிழவிக்கும் அப்போது ‘சஸ்பென்ஷன்’ என்று ஒரு முத்திரை வேண்டியிருந்தது. அதாவது, இந்த ஒரு தடவைக்கு மட்டும் சோதனையை நிறுத்தி வைக்கிறோம் என்று. ஏமாற்றுகிறவனிடமிருந்து காப்பாற்ற வந்த சட்டம், அதே ஏமாற்றுகிறவனுக்கு இன்னொரு வரும்படியைத் திறந்துவிட்டது. முத்திரை வாங்கித் தருகிறேன் என்று படிக்கட்டிலேயே மடக்குகிற புரோக்கர்கள் முளைத்தார்கள். இதை ஹாஜியார் முன்னால் சொன்னால், “சட்டத்த திட்டாதீங்கம்மா, படிக்க வைக்காம விட்டவன திட்டுங்க” என்பார். அவருக்கே கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும்.

தோப்புத்துறையிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். மகள் ஈப்போவில் பிள்ளைப்பேற்றுக்கு இருக்கிறாள். பிறந்த தேதி கேட்டேன்.

“யாரு கண்டா மவளே? தனுஷ்கோடிய கடல் தூக்கிட்டுப் போன வருஷம் என் மூத்தவன் தவந்துக்கிட்டிருந்தான்.”

1964 டிசம்பர். அங்கிருந்து பின்னால் எண்ணி, ஒரு வருஷத்தை முடிவு செய்து, ஜூன் 1 என்று போட்டேன். பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் ஊரில் பாதிப்பேருக்குக் கொடுத்த பிறந்தநாள் அது. நோட்டரி அபிடவிட்டில் அதுவே சத்தியமாகிவிடும். பின்னாளில், 1989 ஜனவரி 26 முதல் பிறந்தவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ் கட்டாயம் என்று வந்த பிறகுதான் ஜூன் 1 கொஞ்சம் ஓய்ந்தது. கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு. ஆணுக்கு இடது பெருவிரல், பெண்ணுக்கு வலது. அந்த அம்மா மை ஒட்டிய விரலைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார்.

சஸ்பென்ஷனுக்கு ஹாஜியார் என்னையும் கூட அனுப்பினார். பெண்பிள்ளை, துணைக்கு ஆள் வேண்டுமே. அந்த ஆபீசில் இருந்த அதிகாரி தங்கமான மனிதர், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும். “அங்க போய் வீட்டு வேலைக்கு நின்னுட மாட்டீங்களே? திரும்பி வருவீங்கதானே?”

அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நல்லா கேட்டீங்க வாப்பா. சினை ஆட்ட அடுத்த ஊட்டுல கட்டிப் போட்டுட்டு வந்திருக்கேன். அவ தண்ணி காட்டுவாளோ மாட்டாளோ. வராம?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முத்திரை விழுந்தது. நான் அடித்து வைத்திருந்த தாளில் ‘சொத்து’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்றிருந்தது. அந்த ஆட்டை எந்தக் கட்டத்தில் டைப் அடிப்பது? எல்லா நாட்டுப் படிவமும் சுற்றிச் சுற்றிக் கேட்பது, நீ திரும்புவாயா என்கிற ஒன்றைத்தான். பாங்குப் புத்தகம், வீட்டு வரி ரசீது, ரிட்டர்ன் டிக்கெட் என்று நாம் கொடுப்பதெல்லாம் அதற்கான சாட்சி. ஆனால் மனிதர்கள் திரும்புவது அந்தச் சாட்சிகளுக்காக இல்லை என்பது, கேட்கிறவருக்கும் தெரியும், டைப் அடிக்கிற எனக்கும் தெரியும்.

அவர் திரும்பி வந்தபோது எனக்கு ஒரு மைலோ டின்னும் கோடாலித் தைலமும் கொண்டுவந்தார். மருமகன் இன்னும் கொஞ்ச நாள் இருக்கச் சொன்னாராம். ஆடு இரட்டைக் குட்டி போட்டிருந்தது.

எல்லாம் ஆட்டுக்குட்டிக் கதையாக முடிந்துவிடவில்லை. முதுகுளத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், மீசை சரியாக அரும்பாதவன், நிலத்தை ஈடு வைத்துப் போனான். ரிட்டர்ன் டிக்கெட், ஷோ மணி, தங்கும் முகவரி எல்லாம் பக்காவாக இருந்தது. மறுநாளே எங்கள் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ரிட்டர்ன் அடித்துவிட்டார்கள். என்னப்பா கேட்டார்கள் என்றதற்கு, “ஒண்ணும் கேக்கலக்கா. கைய நீட்டச் சொன்னாங்க” என்றான். உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினான். மண்வெட்டி பிடித்துக் காய்த்த கை. சுற்றிப் பார்க்க வந்தவனுக்கு அப்படி ஒரு கை இருக்காது என்று அந்த அதிகாரிக்குத் தெரிந்திருக்கிறது. ஹாஜியார் அவனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்து, தன் கமிஷனைத் திருப்பித் தந்து, ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டார். அன்று சாயங்காலம் வரை அவர் யாரோடும் பேசவில்லை. அவனைப் போன்றவர்களில் பலர் உள்ளே போய் அப்படியே தங்கிவிட்டதும் உண்மைதான். பிற்காலத்தில் இந்தியர்களுக்குப் போய் இறங்கிய இடத்திலேயே விசா கொடுத்துக்கொண்டிருந்த மலேசியா, வந்தவர்கள் திரும்பவில்லை என்று சொல்லி 2010-ல் அதை நிறுத்தியது. இப்போது, 2023 டிசம்பரிலிருந்து, முப்பது நாளுக்கு விசாவே வேண்டாம் என்கிறது. நாடுகளுக்கும் மனசு மாறும்போலிருக்கிறது.

ஹாஜியார் மௌத்தான பிறகு பிள்ளைகள் உம்ரா டூர் பக்கம் போய்விட்டார்கள். ரெமிங்டனைப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். கையால் எழுதிய பாஸ்போர்ட் 2015 நவம்பரோடு செல்லாது என்று அறிவிப்பு வந்தபோது, அழகான கையெழுத்தில் பெயர் எழுதிய அந்தப் பழைய புத்தகங்கள் நினைவுக்கு வந்தன.

இத்தனை பேரை அனுப்பிய நான் முதன்முதலாக விமானம் ஏறியது, மகன் சிங்கப்பூரில் வேலைக்குப் போய், பேரன் பிறந்த பிறகு. விசாவை மகனே அங்கிருந்து கணினியில் விண்ணப்பித்துவிட்டான். கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்த ஒரே ஒரு தாள். அதில் ஒட்டுவதற்குக் கோந்து கூட வேண்டியதில்லை. மனசு கேட்காமல் பென்ஷன் புத்தகம், வீட்டுப் பத்திர நகல், சர்க்கரை மாத்திரைச் சீட்டு என்று ஒரு பைல் கட்டிக்கொண்டேன்.

விமானத்தில் வெள்ளை அட்டை கொடுத்தார்கள். போதைப்பொருள் கடத்தினால் மரண தண்டனை என்று சிவப்பு எழுத்தில் அச்சடித்த அட்டை. பக்கத்து இருக்கை அம்மா அதை என்னிடம் நீட்டினார், ஒன்றும் சொல்லாமல். எழுதிக் கொடுத்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்தது. பிறகு நடைபாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு பாஸ்போர்ட். சாப்பாட்டுத் தட்டை ஓரம் தள்ளிவிட்டு எழுதிக்கொண்டே இருந்தேன். “அம்மா எமிகிரேஷன்ல வேலையா?” என்று ஒரு பையன் மரியாதையாகக் கேட்டான். மண்ணடி என்று சொன்னேன். அவனுக்குப் புரியவில்லை.

சாங்கியில் கவுண்டரில் இருந்தவர் நம் ஆள். பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டுத் தமிழிலேயே கேட்டார்: “எதுக்கும்மா வந்திருக்கீங்க?” ‘சமூக வருகை’ என்று எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேன்! “பேரனைப் பார்க்க” என்று மட்டும் வந்தது. “எப்பத் திரும்பிப் போவீங்க?” தேதி சொன்னேன், பைலையும் பிரிக்கப் போனேன். அதற்குள் முத்திரை குத்திவிட்டார். பின்னால் நின்றவர்களின் தள்ளுமுள்ளில் பைல் கைநழுவி, சர்க்கரை மாத்திரைச் சீட்டு சாங்கி தரையில் பறந்தது. இப்போது அந்த அட்டையும் இல்லை, முத்திரையும் இல்லை. போகிற நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் எழுதிவிட வேண்டும், உள்ளே போனபின் அனுமதி மின்னஞ்சலில் வருகிறது. மலேசியாவுக்கும் 2024-லிருந்து இப்படி இணையத்தில் எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் இந்த வேலை இப்போது என் தலையில் விழுந்திருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் துபாய் போகும்போது பெரிய கலவரம். பாஸ்போர்ட்டில் அவருக்கு ஒற்றைப் பெயர். 2022 நவம்பரில், சுற்றிப் பார்க்க வருகிறவர் ஒற்றைப் பெயரோடு வரக்கூடாது என்று ஐக்கிய அரபு அமீரகம் சொல்லிவிட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கடைசியில் போட்டுத்தானே காலத்தை ஓட்டுகிறோம். கடைசியில், பாஸ்போர்ட்டின் பின்பக்கத்தில் தகப்பனார் பெயர் இருந்தால் போதும் என்று தெளிவானது. போய் வந்த பிறகு அவர் சொன்னார்: “ஓட்டல்ல எங்கப்பா பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்க மேடம். செத்துப் பத்து வருஷம் ஆச்சு, நான் திரும்பிக்கூடப் பாக்கல.”

போன வாரம் மூன்றாம் மாடி அம்மா சிங்கப்பூருக்குக் கிளம்பினார், மகள் வீட்டுக்கு. போனைக் கொண்டுவந்து நீட்டினார். முதலில் வந்த பக்கம் பணம் கேட்டது. அதை மூடினேன். இணையத்தில் எழுதும் இந்த அட்டைக்குக் காலணா கிடையாது, சர்க்கார் பக்கத்தில் இலவசம், பணம் கேட்டால் அது படிக்கட்டுப் புரோக்கரின் பேரன். சரியான பக்கத்தைத் திறந்து எழுதி முடித்தேன். பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுமா என்று பார்த்தேன், செல்லும். எல்லாம் ஆயிற்று என்று எழுந்தவரிடம், பெட்டியில் என்னென்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். புளி, அப்பளம், மோர்மிளகாய், பேத்திக்குக் கொலுசு, அப்புறம் மாப்பிள்ளைக்குப் பிடிக்குமே என்று வீட்டில் அரைத்த குருமாப் பொடி.

“குருமாப் பொடியில கசகசா போட்டீங்களா?”

“பின்ன? போடாம எப்படி? ஏன்?”

சொன்னேன். சிங்கப்பூரில் கசகசாவுக்குத் தடை. அபின் செடியின் விதை, போதைப்பொருள் கணக்கில் வந்துவிடும். வளைகுடாவிலும் இதனால் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. அந்தச் சிவப்பு எழுத்தையும் சொன்னேன், கொஞ்சம் அழுத்தியே. அவர் முகம் வெளுத்துவிட்டது.

“ஒரு ஸ்பூன்தான் போட்டேங்க. அதுவும் வறுத்துட்டேன்.”

கிடுகிடுவென்று மாடி ஏறினார். பூட்டுப் போட்டு, கயிறு கட்டி, மார்க்கரில் பெயர் எழுதி வைத்திருந்த பெட்டியை அவர் பிரிக்கும் சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. கால் மணி நேரத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையப் பொடியோடு இறங்கி வந்து, அதை என் சமையலறை மேடையில் வைத்துவிட்டு, மறுபடி போய்க் கசகசா இல்லாமல் அரைக்க உட்கார்ந்தார். அன்றைக்கு ராத்திரியும் அடுத்த நாளும் எங்கள் வீட்டில் குருமாதான். மருமகள் பொடியின் அளவு கேட்டு எழுதி வைத்துக்கொண்டிருக்கிறாள்.